வெல்கம் வீக்: நம்மளைக் கேக்காமலே நம்ம சேர்ந்துட்ட ஒரு யூனியன்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களையும் இடையில் வந்த ஃபோன் சத்தத்தையும் மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

ஆகஸ்ட் மாசம் பாதி தாண்டிட்டாலே நம்ம இன்பாக்ஸ் ஒரே மாதிரி ஆயிடும். குக்கர் எடுத்துட்டுப் போலாமா, எத்தனை கிலோ பருப்பு, ஜெர்க்கின் இங்கயே வாங்கணுமா அங்க போய் வாங்கணுமா. அதுக்கெல்லாம் ஏற்கெனவே ஒரு எபிசோட் இருக்கு. ஆனா போன வாரம் கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு நேயர் கேட்ட கேள்வி கொஞ்சம் வேற மாதிரி. இங்கிலாந்துக்கு மாஸ்டர்ஸ் போறாங்க. அவங்க எழுதினதை அப்படியே படிக்கிறேன்.

"அண்ணா, யூனிவர்சிட்டி மெயில் ஐடிக்கு ஒரு மெயில் வந்திருக்கு. நீங்க இப்போ ஸ்டூடன்ட்ஸ் யூனியன் மெம்பர், வெல்கம் வீக்குக்கு வாங்கன்னு. நான் எதுக்கும் அப்ளை பண்ணவே இல்லையே. காசு கேப்பாங்களா? யூனியன்ல இருந்தா விசாவுக்குப் பிரச்சினை வருமா? அப்புறம் இந்த வெல்கம் வீக் பார்ட்டிக்கெல்லாம் போகலைன்னா அட்டென்டன்ஸ் போயிடுமா?"

மூணுக்கும் முதல்ல சுருக்கமா பதில் சொல்லிடறேன் தங்கச்சி. காசு கேக்க மாட்டாங்க. மெம்பரா இருக்கறதால விசாவுக்கு ஒண்ணும் ஆகாது. பார்ட்டிக்குப் போகலைன்னா ஒண்ணும் போகாது, ஆனா அந்த வாரத்துல போயே ஆகவேண்டிய ரெண்டு மூணு விஷயம் இருக்கு. அது பார்ட்டி லிஸ்டுக்குள்ள மறைஞ்சு கிடக்கும்.

இதையெல்லாம் நான் போனப்ப யாரும் எனக்குச் சொல்லலை. சொல்லாததால ஒரு டிசம்பர் மாசம் பூரா எனக்குத் தூக்கம் போச்சு. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல இந்த "யூனியன்"ங்கற வார்த்தை. எங்க அப்பா பஸ் கம்பெனில வேலை பார்த்தவர். நான் கிளம்பறப்ப ஏர்போர்ட்ல வச்சு அவர் சொன்ன கடைசி அறிவுரை, "அங்க போயும் யூனியன் கீனியன்னு சேர்ந்துடாதடா." அவர் மேல தப்பே இல்ல. நமக்கு யூனியன்னா கொடி, கோஷம், கேட் மீட்டிங். அதுவும் நான் படிச்ச மாதிரி இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவங்களுக்கு, தேர்தல் வச்சுத் தேர்ந்தெடுத்த மாணவர் சங்கத்தைப் பார்த்த அனுபவமே இருக்காது. எங்க டிபார்ட்மென்ட்ல அசோசியேஷன் செக்ரட்டரின்னா ஹெச்.ஓ.டி. கைகாட்டற ஆள். சிம்போசியத்துக்கு பேனர் கட்டறது அவன் வேலை. அவ்ளோதான்.

பிரிட்டன்ல ஸ்டூடன்ட்ஸ் யூனியன் என்பது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே, ஆனால் அதிலிருந்து தனியாக இயங்கும் ஓர் அமைப்பு. பெரும்பாலான பெரிய யூனியன்கள் பதிவு செய்யப்பட்ட அறக்கட்டளைகள். அவங்களுக்குன்னு ஒரு கட்டடம் இருக்கும். உள்ள ஒரு பார், ஒரு கஃபே, ஒரு கடை, மாடியில மீட்டிங் ரூம்கள், எங்கேயோ ஒரு மூலையில ஆலோசனை மையம். அந்த மூலைதான் நம்ம கதைல முக்கியம், ஞாபகம் வச்சுக்கோங்க. பேரும் ஊருக்கு ஊர் மாறும். ஸ்காட்லாந்துல பல இடத்துல ஸ்டூடன்ட்ஸ் அசோசியேஷன்னு சொல்வாங்க. பர்மிங்காம்லயும் லிவர்பூல்லயும் கில்டு ஆஃப் ஸ்டூடன்ட்ஸ். போர்டுல கில்டுன்னு இருந்தா வேற ஏதோன்னு நினைச்சுத் தாண்டிப் போயிடாதீங்க.

மாணவர்களோட பேச்சை நிர்வாகம் கேக்கணும்ங்கற ஏற்பாடு அங்க ரொம்பப் பழசு. எடின்பரோ பல்கலைக்கழகத்துல 1884லேயே மாணவர் பிரதிநிதிகள் சபை தொடங்கிட்டாங்க. 1889ல வந்த ஸ்காட்லாந்து பல்கலைக்கழகச் சட்டம் இந்த மாதிரி சபைகளுக்குச் சட்ட அங்கீகாரமே கொடுத்துச்சு. நாடு முழுக்க இருக்கற யூனியன்களைச் சேர்த்து என்.யு.எஸ்.ங்கற தேசிய அமைப்பு 1922ல வந்தது. அதுல சேர்றது யூனியன்தான், தனித்தனி மாணவர் இல்ல. சில யூனியன்கள் அதுல சேராமலும் இருக்கு.

சரி, அப்ளை பண்ணாமலே எப்படி மெம்பர் ஆனோம்? நீங்க என்ரோல் ஆனதும் தானாகவே உறுப்பினர். அங்க பொதுவா அதுதான் நடைமுறை. உங்ககிட்ட சந்தா கிடையாது. பல்கலைக்கழகம் வருஷா வருஷம் யூனியனுக்கு ஒரு மானியம் கொடுக்கும், அதோட பார், கடை வருமானம் சேரும். நீங்க கட்டற ஃபீஸ்லேர்ந்து ஒரு துளி அங்க போகுதுன்னு வேணா சொல்லலாம். அதனாலதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது: ஏற்கெனவே காசு கட்டியாச்சு, உள்ள போய்ப் பார்த்துட்டாவது வாங்க.

வேண்டாம்னா விலகலாம். இதுக்கு 1994ஆம் ஆண்டு கல்விச் சட்டம் இருக்கு. எந்த மாணவரும் யூனியன் உறுப்பினராக இல்லாமல் இருக்கும் உரிமை உண்டு. அப்படி விலகியவர்களுக்குச் சேவைகளிலோ வேறு வகையிலோ நியாயமற்ற பாதிப்பு வரக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதே சட்டம்தான் முக்கியப் பதவிகளுக்கு ரகசிய வாக்கெடுப்புல தேர்தல் நடக்கணும்னும், ஒரே ஆள் சம்பளத்தோட மொத்தமா ரெண்டு வருஷத்துக்கு மேல பதவியில உக்காரக்கூடாதுன்னும் சொல்லுது. நம்ம ஊர் சங்கங்கள்ல இருபது வருஷமா ஒரே செயலாளர் இருக்கறதைப் பார்த்துப் பழகின எனக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாத்தான் இருந்தது. விலகினா இழக்கறது என்னன்னா, ஓட்டுப் போட முடியாது, நிக்க முடியாது. நான் பார்த்த வரைக்கும் யாரும் விலகினதில்ல. பெரும்பாலானவங்களுக்குத் தாங்க மெம்பர்ங்கறதே தெரியாது, அப்புறம் எங்க விலகறது.

இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன், ஏன்னா இது காசு சம்பந்தப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு யூனியன், கேம்பிரிட்ஜ் யூனியன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. யூடியூப்ல விவாதம் எல்லாம் வருமே, அது. அதுங்க ஸ்டூடன்ட்ஸ் யூனியன் கிடையாது. அவை விவாத மன்றங்கள். கேம்பிரிட்ஜ் 1815ல தொடங்கினது, ஆக்ஸ்ஃபோர்டு 1823ல. அங்க சேர நூற்றுக்கணக்கான பவுண்டு கட்டணும். நம்ம ஆளுங்களுக்கும் அந்த மேடையில பங்கு உண்டு. பின்னாளில் இலங்கையின் வெளியுறவு அமைச்சராக இருந்த லக்ஷ்மன் கதிர்காமர், 1959ல் ஆக்ஸ்ஃபோர்டு யூனியனின் தலைவர். ஆனா அங்க படிக்கிற மாணவரோட மார்க் பிரச்சினைக்கும் வாடகைப் பிரச்சினைக்கும் அந்த யூனியன் வராது. அதுக்கு அங்கயும் தனியா மாணவர் யூனியன் இருக்கு, இலவசமா. வெல்கம் வீக்குல ரெண்டு பேரும் ஸ்டால் போட்டா எது எதுன்னு தெரிஞ்சு கையெழுத்துப் போடுங்க.

காசுன்னதும் என் முதல் சோகம் ஞாபகம் வருது. சென்னைல இருக்கும்போதே இன்ஸ்டாகிராம்ல ஒரு பக்கம் கண்ல பட்டுச்சு. என் ஊர் பேரு, பக்கத்துல ஃபிரெஷர்ஸ்னு போட்டு, யூனிவர்சிட்டி கலர்லயே லோகோ. ஒரே ரிஸ்ட்பேண்டு, ஏழு நாளும் எல்லா ஈவென்டும், 35 பவுண்டு, இன்னைக்கு ராத்திரியோட முடியுதுன்னு கவுன்ட்டவுன் வேற. போட்டுட்டேன். ரூபாய்ல எவ்ளோன்னு கணக்குப் பார்க்கக்கூட இல்ல. அங்க போனா, ஊர்ல ரெண்டு நைட் கிளப்புக்கு மட்டும் உள்ள விடற பட்டை அது. யூனியன் நடத்தற எதுக்கும் செல்லாது. யூனியன் கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு அந்தப் பட்டையைப் பார்த்ததும் முகம் போன போக்குலயே எனக்குப் புரிஞ்சுடுச்சு. ஒவ்வொரு வருஷமும் அந்த வாரத்துல இதை விளக்கறதே அவளுக்கு ஒரு வேலையாம். சோ, விதி ஒண்ணுதான். யூனியனோட சொந்த வெப்சைட், சொந்த ஆப், இல்லன்னா யூனிவர்சிட்டி மெயில். இந்த மூணுல வராத எந்த டிக்கெட்டும் வாங்காதீங்க. முக்கியமா ஊர்லேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடி எதுவுமே வாங்காதீங்க. இலவச ஈவென்ட்களே அத்தனை இருக்கும், ஒரு மனுஷன் ஒரு வாரத்துல போய் முடிக்க முடியாது.

இப்போ அந்த வாரத்துக்கு வருவோம். வெல்கம் வீக், ஃபிரெஷர்ஸ் வீக், ரெண்டும் ஒண்ணுதான். பெரும்பாலும் செப்டம்பர் கடைசி. ஃபிரெஷர்ஸ்னு கேட்டதும் நம்ம ஊர்க்காரங்களுக்கு வயித்தைக் கலக்கும். தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் 1997லேயே வந்தாச்சு, ஆனாலும் அந்த பயம் ரத்தத்துல ஊறிப்போன ஒண்ணு. முதல் நாள் ஒரு சீனியர் என் பெட்டியைத் தூக்க வந்தப்ப நான் ரெண்டடி பின்னாடி போனேன். அவன் யூனியன் டி-ஷர்ட் போட்ட வாலன்டியர். மூணாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போய் வச்சுட்டு, கிச்சன் எங்க இருக்குன்னு காட்டிட்டு, அடுத்த பெட்டிக்குப் போயிட்டான்.

அந்த வாரத்து டைம்டேபிள்ல ரெண்டு பேர் போட்ட கோலம் ஒண்ணா கலந்து கிடக்கும். ஒண்ணு யூனிவர்சிட்டி போட்டது, இன்னொண்ணு யூனியன் போட்டது. யூனிவர்சிட்டி போட்டதுல என்ரோல்மென்ட், பாஸ்போர்ட்டும் ஈ-விசாவும் சரிபார்க்கிறது, ஐடி கார்டு, டிபார்ட்மென்ட் இன்டக்ஷன். இது கட்டாயம். ஸ்டூடன்ட் விசால இருக்கறவங்க வந்து சேர்ந்து என்ரோல் ஆனாங்களான்னு யூனிவர்சிட்டி உள்துறைக்குக் கணக்கு சொல்லணும். அதனால இதுல விளையாடாதீங்க. டிபார்ட்மென்ட் இன்டக்ஷன் போரடிக்கும், ஆனா போய் உக்காருங்க. அதுல ஒரு அரை மணி நேரம் ரெஃபரன்சிங் பத்தி ஸ்லைடு போடுவாங்க. நான் அந்த அரை மணி நேரத்துல என்ன பண்ணேன் தெரியுமா? கடைசி பெஞ்சுல உக்காந்து சிம் கார்டு பிளான் கம்பேர் பண்ணிட்டிருந்தேன். இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

யூனியன் போட்டது எதுவும் கட்டாயம் இல்ல. கேம்பஸ் டூர், போர்டு கேம் நைட், பக்கத்து ஊருக்கு டே ட்ரிப், குவிஸ், சைலண்ட் டிஸ்கோ எல்லாம் வரும். குடிக்காதவங்களுக்குன்னு மது இல்லாத நிகழ்ச்சிகளும் இப்போ நிறைய யூனியன் தனியாவே போடறாங்க. பார்ல நடக்கற ஈவென்டுக்குப் போனாலும் குடிக்கணும்னு இல்ல. கையில ஒரு ஆரஞ்சு ஜூஸ் இருந்தா யாரும் கேக்கப்போறதில்ல. குடிக்கிறவங்களோ குடிக்காதவங்களோ, கிளாஸை வச்சுட்டு எங்கயும் போகாதீங்க, திரும்பி வந்து அதே கிளாஸை எடுக்காதீங்க. இது பொண்ணுங்களுக்கு மட்டும் சொல்றதில்ல.

அப்புறம் இந்த ஃபிரெஷர்ஸ் ஃப்ளூ. பேரு ஜோக் மாதிரி இருக்கும். நாலா பக்கத்துலேர்ந்தும் வந்த ஆயிரக்கணக்கான பேர் ஒரே ஹால்ல நின்னு கத்தினா எல்லாருக்கும் சளி பிடிக்கும், அவ்ளோதான். ரசப்பொடி எடுத்துட்டுப் போங்க. ஆனா காய்ச்சலோட கழுத்து விறைச்சு, வெளிச்சம் பார்த்தா கண்ணு கூசி, உடம்புல தடிப்பு வந்தா அது ஃப்ளூ இல்ல, மூளைக்காய்ச்சலா இருக்கலாம். ரூம்ல படுத்துத் தூங்கிடாம உடனே 999க்கு ஃபோன் பண்ணணும். ஹாஸ்டல் மாதிரி நெருக்கமா வாழற இடத்துல இது பரவும். அதுக்குத்தான் 25 வயசுக்குள்ள இருக்கற புது மாணவர்களுக்கு ஒரு தடுப்பூசி இலவசமா போடறாங்க. முதல் வாரமே பக்கத்துல இருக்கற ஜி.பி. டாக்டர்கிட்ட பேரைப் பதிஞ்சுட்டு, அப்பவே கேளுங்க. விசாவோட சேர்த்து ஹெல்த் சர்சார்ஜ்னு வருஷத்துக்கு 776 பவுண்டு கட்டியிருக்கீங்க. பதியாம விடறதுல அர்த்தமே இல்ல.

அந்த வாரத்தோட பெரிய விஷயம்னா ஃபிரெஷர்ஸ் ஃபேர். நம்ம ஊர் புத்தகக் கண்காட்சி கூட்டத்தை ஒரு ஸ்போர்ட்ஸ் ஹாலுக்குள்ள அடைச்ச மாதிரி இருக்கும். ஒவ்வொரு சொசைட்டியும் ஒரு மேசை போட்டு உக்காந்திருக்கும். மலையேற்றம், செஸ், சீஸ் சாப்பிடறதுக்குன்னு ஒரு சொசைட்டி, நட்சத்திரம் பார்க்க ஒண்ணு. நடுவுல பீட்சா கம்பெனிக்காரன் துண்டு பீட்சா கொடுப்பான், பேங்க்காரன் பேனா கொடுப்பான். நான் பத்தொன்பது மெயிலிங் லிஸ்ட்ல பேர் கொடுத்தேன். பேர் கொடுக்கறது வேற, உறுப்பினர் ஆகறது வேறங்க. மெயில் ஐடி கொடுத்தா மெயில் மட்டும்தான் வரும். உறுப்பினர் ஆக, சாதாரண சொசைட்டிக்குச் சில பவுண்டு ஆகும். விளையாட்டு கிளப்புன்னா ஜிம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து நூறு பவுண்டைக்கூடத் தாண்டலாம். அன்னைக்கே கார்டைத் தேய்க்காதீங்க. பெரும்பாலான கிளப் முதல் ரெண்டு வாரம் சும்மா வந்து பாருன்னு விடும். போய் பாருங்க, பிடிச்சா கட்டுங்க. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் புதன்கிழமை மதியம் நடக்கும், அதனால பல இடத்துல அந்த மதியம் வகுப்பு வைக்க மாட்டாங்க. கிரிக்கெட் ஆடறவங்க அந்த நேரத்துல பார்ட்-டைம் ஷிஃப்ட் எடுத்துடாதீங்க.

தமிழ் சொசைட்டி இருக்கான்னு கேப்பீங்க. லண்டன்ல பல பல்கலைக்கழகங்கள்ல இருக்கு, வேற பெரிய ஊர்கள்லயும் இருக்கு. போறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. அங்க இருக்கறவங்கள்ல நிறைய பேர் அங்கயே பிறந்து வளர்ந்த ஈழத் தமிழ்ப் பிள்ளைங்க. நம்ம பேசறோம், அவங்க கதைக்கிறாங்க. நம்ம விஜய் படத்தைப் பத்தி ஆரம்பிச்சா அவங்களும் வருவாங்க. ஆனா பொங்கல் விழாவைப் போலவே மே மாசம் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலும் அவங்களுக்கு முக்கியம். அவங்க அப்பா அம்மா எப்படி அந்த நாட்டுக்கு வந்தாங்கங்கறது, நம்ம ஐ.இ.எல்.டி.எஸ். எழுதி வந்த கதை இல்ல. முதல் நாள் நான் "நீங்க எந்த ஊர்?"னு கேட்டேன். ஒரு பையன் "ஹாரோ"ன்னான். "இல்ல, சொந்த ஊர்?"னு திரும்பக் கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அம்மா ஊர் இப்ப இல்லை"ன்னான். அதுக்கப்புறம் அந்தக் கேள்வியை நான் யார்கிட்டயும் அவ்வளவு சாதாரணமா கேட்டதில்ல. அவன் எனக்கு நல்ல ஃப்ரெண்டு ஆனது வேற விஷயம்.

உங்க யூனிவர்சிட்டில இல்லன்னா நீங்களே தொடங்கலாம். குறைந்தபட்ச எண்ணிக்கையில ஆள், ஒரு தலைவர், ஒரு பொருளாளர், ஒரு பக்கத்துல விதிமுறை. யூனியனே ரூம் கொடுக்கும், சில சமயம் கொஞ்சம் நிதியும் கொடுக்கும். ஆனா மாஸ்டர்ஸ் பண்றவங்களுக்கு நேர்மையா ஒண்ணு சொல்லணும். உங்களுக்கு இருக்கறது ஒரே வருஷம். தமிழ் வீடு, தமிழ் சாப்பாடு, தமிழ் வாட்ஸ்ஆப் குரூப்னு அதுக்குள்ளயே இருந்தா, நல்லாத்தான் இருக்கும், அதுதான் பிரச்சினை. வேற ஒரே ஒரு கிளப்ல சேருங்க. எனக்கு மலையேற்றக் கிளப்ல கிடைச்சவங்கதான் கடைசில வேலைக்கு ரெஃபரல் கொடுத்தாங்க. மலை ஏறினது ரெண்டே தடவை.

இப்போ டிசம்பருக்கு வர்றேன்.

முதல் எஸ்ஸே கொடுத்து மூணு வாரம் கழிச்சு ஒரு மெயில். "கல்வி நேர்மை மீறல் குறித்த விசாரணை". பத்து நாள்ல ஒரு குழு முன்னாடி வரணும், எழுத்துல விளக்கம் கொடுக்கணும். நான் என்ன பண்ணியிருந்தேன்னா, மூணு பேப்பர்லேர்ந்து பத்தி பத்தியா எடுத்து, கொஞ்சம் வார்த்தையை மாத்தி வச்சு, கடைசில அந்த மூணு பேப்பர் பேரையும் லிஸ்ட்ல போட்டிருந்தேன். நம்ம ஊர்ல ரெக்கார்டு நோட்டு அப்படித்தானேங்க எழுதினோம்? பேரைப் போட்டுட்டோமே, அப்புறம் என்னன்னு நினைச்சேன். சாஃப்ட்வேர் எல்லாத்தையும் கலர் அடிச்சுக் காட்டிடுச்சு. இன்டக்ஷன்ல போட்ட அந்த அரை மணி நேர ஸ்லைடு இதைப் பத்தித்தான்.

அப்போ என் தலைக்குள்ள ஓடினது என்னன்னா: ஃபெயில், டிஸ்மிஸ், விசா கேன்சல், ஃப்ளைட், அப்பா வாங்கின லோன். வீட்டுக்குச் சொல்லல. வாட்ஸ்ஆப் குரூப்ல பேர் சொல்லாம கேட்டேன், ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒருத்தர் ஏஜென்ட்டைக் கேளுன்னார். இன்னொருத்தர் "உடம்பு சரியில்லன்னு மெடிக்கல் சர்டிஃபிகேட் போடு, ஊர்லேர்ந்து வாங்கித் தர்றேன்"னார். நான் அந்த ரெண்டாவதைச் செய்யற மூட்லதான் இருந்தேன். உண்மையைச் சொல்லணும்னா டாக்டர் பேர் வரைக்கும் பேசியாச்சு.

என் வீட்டுல கூட இருந்த நைஜீரியாக்கார அண்ணன் ஒருத்தர், பி.ஹெச்டி. பண்றவர். சமைக்கும்போது என் மூஞ்சைப் பார்த்துட்டுக் கேட்டார். சொன்னேன். அவர் அடுப்பை சிம்ல வச்சுட்டு, "யூனியன் அட்வைஸுக்குப் போனியா?"ன்னார். எனக்கு அவர் என்ன சொல்றார்னே புரியல. யூனியன்னா பார் தானே?

மறுநாள் போனேன். பார் தாண்டி, படிக்கட்டு தாண்டி, அந்த மூலை. எங்க பெரியம்மா வயசுல ஒரு அம்மா. மெயிலைப் படிச்சாங்க. நான் சர்டிஃபிகேட் ஐடியாவைச் சொல்றதுக்குள்ளயே அவங்க ரெண்டு விஷயம் தெளிவு பண்ணாங்க. ஒண்ணு, நாங்க யூனிவர்சிட்டி ஆளு இல்ல, நீ இங்க சொல்றதை உன் அனுமதி இல்லாம உன் டிபார்ட்மென்ட்டுக்குச் சொல்ல மாட்டோம். ரெண்டு, பொய் ஆவணம் எதுவும் கொடுத்துடாதே. இப்ப இருக்கறது சின்ன விஷயம், அது பெரிய விஷயம் ஆயிடும். நான் வாயை மூடிக்கிட்டேன்.

அப்புறம் யூனிவர்சிட்டியோட விதிப் புத்தகத்தை எடுத்து, எந்தப் பிரிவு, முதல் தடவைன்னா என்ன தண்டனை, அதிகபட்சம் என்னன்னு வரிவரியாக் காட்டினாங்க. டிஸ்மிஸ்ங்கற வார்த்தை நான் இருந்த பிரிவுல எங்கயுமே இல்ல. இத்தனை நாளா நான் பயந்த விஷயம் அந்தப் பக்கத்துலயே இல்ல. என் டிராஃப்ட், நோட்ஸ், எந்தத் தேதியில எந்த ஃபைல் சேவ் பண்ணேன், எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. விளக்கத்தை நானே எழுதினேன், அவங்க படிச்சுட்டு ரெண்டு இடத்துல மட்டும் அடிச்சாங்க. ரெண்டுமே நான் அழுதிருந்த இடம். விசாரணை அன்னைக்குக் கூடவே வந்து பக்கத்துல உக்காந்தாங்க. எனக்காகப் பதில் சொல்லல. ஆனா குழுவுல ஒருத்தர் கேள்வியை ஒரு மாதிரி வளைச்சுக் கேட்டப்ப, "இந்தக் கேள்வி குற்றச்சாட்டுல இல்லையே"ன்னு ஒரே வரி சொன்னாங்க. அவர் விட்டுட்டார்.

முடிவு: மோசமான கல்விப் பழக்கம்னு பதிவாச்சு. திரும்ப எழுதணும், எவ்ளோ நல்லா எழுதினாலும் 50க்கு மேல மார்க் கிடையாது. மாஸ்டர்ஸ்ல 50தான் பாஸ். அதோட முடிஞ்சது. ஒருவேளை முடிவு அநியாயமா இருந்திருந்தா மேல்முறையீடு, அதுக்கப்புறமும் திருப்தி இல்லன்னா யூனிவர்சிட்டிகிட்ட நடைமுறைகள் முடிந்ததற்கான கடிதம் வாங்கிட்டு, 12 மாசத்துக்குள்ள ஓ.ஐ.ஏ.ங்கற சுதந்திரமான அமைப்புக்குப் போகலாம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அது. மாணவருக்குக் கட்டணம் கிடையாது. அதையும் அந்த அம்மாதான் சொன்னாங்க.

வெளிய வரும்போது அவங்க கேட்டாங்க, "ஃபிரெஷர்ஸ் ஃபேர்ல எங்க மேசைக்கு வந்தியா? பீட்சா வரிசைக்குப் பக்கத்துல இருந்தோமே." நான் அந்த பீட்சா வரிசையில இருபது நிமிஷம் நின்னிருக்கேன்.

வாடகை ஒப்பந்தம் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியும் அதே மேசைதான். பல யூனியன்ல அக்ரிமென்ட்டைப் படிச்சுச் சொல்வாங்க. இங்கிலாந்துல பெரும்பாலான தனியார் வாடகை வீட்டுக்கு, கொடுத்த டெபாசிட்டை வீட்டுக்காரர் 30 நாளுக்குள்ள அரசு அங்கீகரிச்ச பாதுகாப்புத் திட்டத்துல போடணும். போடலைன்னா எங்க கேக்கறதுன்னு அவங்களுக்குத் தெரியும்.

இன்னும் ரெண்டு கேள்வி பாக்கி இருக்கு. யூனியன்ல வேலை கிடைக்குமா? கிடைக்கும். பார், கடை, வெல்கம் வீக் உதவியாளர்னு மாணவர்களைத்தான் எடுப்பாங்க, வகுப்பு நேரம் பார்த்து ஷிஃப்ட் போடுவாங்க. டிகிரி படிக்கிறவங்களுக்கு விசாப்படி டேர்ம் நேரத்துல வாரம் 20 மணி நேரம், அது இங்கயும் பொருந்தும். மாஸ்டர்ஸ் ஆளுங்க கவனிங்க: உங்களுக்கு ஜூன், ஜூலை பொதுவா லீவு கிடையாது, டிசர்டேஷன் எழுதற டேர்ம். பி.ஜி. இல்லாத ஃப்ரெண்டு முழு நேரம் வேலை பார்க்கறான்னு நீங்களும் போயிடாதீங்க.

தேர்தல்ல நிக்கலாமா? தாராளமா. அக்டோபர் வாக்குல கோர்ஸ் ரெப் எடுப்பாங்க, அது சம்பளம் இல்லாதது, மாசம் ஓரிரு மீட்டிங். பிப்ரவரி, மார்ச் வாக்குல பெரிய தேர்தல். தலைவர், கல்வி, நலன்னு முழு நேரப் பதவிகள், சம்பளத்தோட. சபாட்டிகல் ஆஃபீசர்னு பேரு. ஸ்டூடன்ட் விசால இருக்கறவங்களும் இந்தப் பதவியில ரெண்டு வருஷம் வரைக்கும் இருக்க விதி இடம் கொடுக்குது. இந்தியாவுலேர்ந்து போன பிள்ளைங்க ஜெயிச்சு தலைவரா உக்காந்த யூனியன்கள் இருக்கு. அப்பாகிட்ட சொன்னா என்ன சொல்வார்னு தெரியல, ஆனா சம்பள ஸ்லிப்பைக் காட்டலாம்.

ஜனவரி இன்டேக்ல போறவங்க, "எங்களுக்கு வெல்கம் வீக்கே இல்லையா"ன்னு வருத்தப்பட வேண்டாம். பல இடத்துல ஜனவரி கடைசில ரிஃப்ரெஷர்ஸ்னு ஒண்ணு நடக்கும். கூட்டம் கம்மி, குளிர் ஜாஸ்தி. கூட்டம் கம்மிங்கறதால ஸ்டால்ல இருக்கறவங்க நின்னு பேசுவாங்க. விசா லேட்டாகி வெல்கம் வீக் முடிஞ்சப்புறம் போய் இறங்கறவங்களும் கவலைப்படாதீங்க. முதல்ல யூனிவர்சிட்டிக்கு மெயில் போட்டு, கடைசித் தேதிக்குள்ள என்ரோல் பண்ண முடியுமான்னு எழுத்துல வாங்குங்க. யூனியன் மேசை வருஷம் முழுக்க அங்கயேதான் இருக்கும்.

கோயம்புத்தூர் தங்கச்சி, உங்க மெயிலுக்கு இவ்ளோ நீளமா பதில் வரும்னு எதிர்பார்த்திருக்க மாட்டீங்க. ஃபேர்ல பீட்சா வாங்கிக்கோங்க. பக்கத்து மேசையில இருக்கற அம்மாகிட்ட அவங்க ரூம் எந்த மாடின்னு மட்டும் கேட்டு வச்சுக்கோங்க. அடுத்த வாரம் வாடகை வீடு பத்திப் பேசறோம். அக்ரிமென்ட்ல புரியாத வரி இருந்தா, பேர், விலாசம் எல்லாத்தையும் மறைச்சுட்டு அனுப்புங்க, எபிசோட்ல படிச்சுப் பார்க்கலாம். வணக்கம்.